வீட்டுக்கு முன்னால் தெரு

ஏழைகளுக்கு வீடு என்ற பேச்சு வந்தாலே அரசு அலுவலகங்களில் முதலில் எழும் கேள்வி, எத்தனை ஆயிரம் கட்டலாம் என்பதுதான். எங்கே கட்டுவது என்பது கடைசியில் வருகிறது. அதற்கு நிலத்தின் விலையே பதில் சொல்லிவிடுகிறது. சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள், 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி, துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகருக்கும் பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டது இப்படித்தான். கண்ணகி நகரில் 15,000 குடியிருப்புகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். கான்கிரீட் கூரையும் மின்சாரமும் கழிப்பறையும் கிடைத்தன. ஆனால் வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் மீன் விற்கவும் நடந்தே போய்வந்தவர்கள், அதே பிழைப்புக்காக 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. பலர் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்தினார்கள். ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியவர்களும் உண்டு. கொடுத்த வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று அவர்களை ஏசுவது பெரிய அநியாயம். பிழைப்பு இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் குடியிருக்க முடியும்.

இதே சென்னை, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைவிட நல்ல வழியொன்றைச் செய்து பார்த்திருந்தது என்பதுதான் வருத்தம். 1977இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர், கொடுங்கையூர் போன்ற இடங்களில் அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. நிலத்தை அளந்து, தெரு போட்டு, குடிநீரும் சாக்கடையும் மின்சாரமும் கொண்டுவந்து, பள்ளிக்கும் கடைக்கும் இடம் ஒதுக்கி, மனைகளைப் பிரித்தது. ஏழைகளுக்கான சின்ன மனையில் கழிப்பறையும் அஸ்திவாரமும், சிலவற்றில் ஓரிரு சுவரும் மட்டும் இருக்கும். மீதியைக் குடும்பம் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளும். முதலில் ஓலையோ தகரமோ போட்ட ஓர் அறை, சீட்டுப் பணம் வந்ததும் தளம், மகனுக்குக் கல்யாணமானால் மாடி, அதன் பிறகு வாடகைக்கு ஒரு போர்ஷன். பெரிய மனைகளையும் கடைகளுக்கான இடங்களையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். பணக்காரரும் நடுத்தர வர்க்கமும் ஏழையும் ஒரே பேட்டையில் சேர்ந்து வாழ்ந்ததும் அதனால்தான். இந்தத் திட்டம் எனக்குச் சரியாகப் படுவதற்குக் காரணம் எளிது. சுவர் எழுப்பும் வேலையை, காலம் கொடுத்தால், எந்தக் குடும்பமும் செய்துகொள்ளும். தெருவையும் பாதாளச் சாக்கடையையும் நிலத்தின்மீது சட்டப்படியான உரிமையையும் தனிக் குடும்பத்தால் உண்டாக்கவே முடியாது.

இதற்கு அப்போது கிடைத்த பெயர் தோல்வி. ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த மனைகளையும் அரைகுறைச் சுவர்களையும் பார்த்தவர்கள் பணம் வீணானதாக முடிவு கட்டினார்கள். 1990களில் உலக வங்கியே இந்த வழியிலிருந்து ஒதுங்கியது. இருபது ஆண்டுகள் கழித்து மும்பை, சென்னை மனைத் திட்டங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதியது. மனைகள் நிரம்பி, பல வருமானத்தாரும் கலந்து வாழும், வசதிகள் கொண்ட நல்ல குடியிருப்புப் பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன. ஐந்தாண்டுத் தணிக்கையில் அரைகுறையாகத் தெரிந்தவை வளர்ந்துகொண்டிருந்த வீடுகள்தான்.

நிலம் இவ்வளவு விலை விற்கும் காலத்தில் மனை பிரிப்பதெல்லாம் நடக்கிற காரியமா, மாடி மேல் மாடி கட்டுவதுதானே வழி, சிங்கப்பூரைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கலாம். அங்கே 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் இன்று மக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வாழ்கிறார்கள். 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் சுமார் 16,000 பேர் வீடிழந்தபோது, எரிந்த அந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. தோ பாயோ போன்ற புதுநகரங்களில் பள்ளி, சந்தை, மருந்தகம், தொழிற்கூடம் எல்லாமே திட்டத்தின் பகுதிகளாக இருந்தன. 1966இல் வந்த நிலமெடுப்புச் சட்டத்தின் துணையோடு நல்ல இடங்களையே அரசு எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் வெற்றியில் உயரத்தின் பங்கு சிறிது. இடத்தின் பங்கு பெரிது. பெரும்பாக்கத்திலும் உயரம் இருந்தது. நகரின் நடுவே, குடிசைகள் இருந்த இடத்திலேயே மறுகட்டுமானம் செய்ய மாடிகள் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. நகரின் விளிம்பில், வேலை எதுவும் இல்லாத வெளியில் எட்டு மாடி கட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ஏழைக்குக் கொடுத்த மனையை வசதியுள்ளவர் வாங்கிவிடுவார். வாங்கவே செய்கிறார்கள், அரும்பாக்கத்திலும் நடந்தது. ஆனால் ஒரு தலைமுறை கழித்து நல்ல விலைக்கு விற்ற குடும்பம் கையில் முதலோடு போகிறது. அகற்றப்பட்ட குடும்பத்துக்கு அது இல்லை. விற்பதைக் குறைக்க வடிவமைப்பும் உதவும். இந்தூரில் பி.வி. தோஷி வடிவமைத்து 1989இல் நிறைவேறிய ஆரண்யா நகரில் சுமார் 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர். பெரிய மனைகள் சாலையோரத்திலும் சின்ன மனைகள் உள்ளேயும் அமைந்தன. வாசல் திண்ணை, மாடிப்படி, வண்டிகள் வேகமெடுக்க முடியாத சிறு தெருக்கள் என்று, இந்தியக் குடும்பம் எப்படி வாழ்கிறதோ அதைப் பார்த்து வரைந்தார்கள். சின்ன மனை சின்னதாகவே இருக்கும்வரை பணக்காரருக்கு அதன்மேல் ஆசை குறைவு. இரண்டு மூன்று மனைகளைச் சேர்த்து ஒன்றாக்க அனுமதிக்காத விதி இருந்தால் இன்னும் நல்லது. தாங்களே கட்டினால் இடிந்துவிடாதா என்ற அச்சத்துக்குச் சிலியின் இகீகே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல் பதில் சொன்னது. நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்த அதே இடத்தில், அடித்தளம், தாங்கும் சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை ஆகிய கடினமான பாதியை அரசு மானியத்தில் கட்டிவிட்டு, மறுபாதிக்கு இடம் விட்டார்கள்.

எப்போது செய்வது என்பதும் இதில் அடங்கும். தார் எஸ் சலாம் உள்ளிட்ட தான்சானிய நகரங்களில் வீடுகள் வரும் முன்பே தெருவும் மனையும் பிரித்த பகுதிகளையும், குடிசைகள் நெருங்கிய பின் வசதி செய்து கொடுத்த பகுதிகளையும் ஒப்பிட்ட பொருளாதார ஆய்வு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் முதல்வகைப் பகுதிகளின் வீடுகளே தரத்தில் மேலானவை என்று கண்டது. சென்னைப் பெருநகர எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அந்தப் புதிய பரப்பில் ரயில் நிலையங்களுக்கும் பேருந்து வழித்தடங்களுக்கும் பக்கத்தில் சின்ன மனைகளுக்கான நிலத்தை இப்போதே ஒதுக்கிவிட முடியும். தரகர்கள் கல் நட்டபின் அதே நிலத்தை அரசு வாங்கப் போனால், விலை மறுபடியும் ஏழைகளை ஊர்க்கோடிக்குத்தான் தள்ளும்.