இரசிகப் புனைவும் 'பொன்னியின் செல்வன்' தொடர்ச்சிகளும்

முன்னுரை

ஒரு படைப்பில் மனம் தோய்ந்த வாசகர், அதன் மாந்தரையும் களத்தையும் எடுத்துக்கொண்டு தாமே புதிய கதை எழுதுவது இரசிகப் புனைவு எனப்படும். இன்று இச்சொல் அனிமே, மங்கா, கணினி விளையாட்டு ஆகியவற்றோடு சேர்த்தே பெரிதும் வழங்கப்படுகிறது. இரசிகர்கள் தாமே அச்சிட்டு விற்கும் தோஜின்ஷி இதழ்களுக்கான காமிக்கெட் சந்தை 1975 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கியது. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் இணையக் காப்பகம் 2019இல் ஹியூகோ விருது பெற்றது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் ஒலியுடனும் திரைக்கு வந்தது. இவற்றையெல்லாம் காண்போர்க்கு, இரசிகப் புனைவு அண்மையில் வந்திறங்கிய இளையோர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எளிதில் எழும். 'பொன்னியின் செல்வன்' புதினத்தின் பிற்கால வாழ்வு அவ்வெண்ணத்திற்கு இடந்தருவதாக இல்லை.

வல்லத்து இளவரசன்

ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய தோல் தொழில் ஊர்களைக் கடந்து, காட்பாடிக்கு அப்பால் திருவலம் நிலையத்தைத் தொடுகிறது. பழைய திருவல்லம் இதுவே. கல்கி தம் கதைத்தலைவன் வந்தியத்தேவனை இவ்வூரை ஆண்ட வாணர் குலத்தவனாகப் படைத்தார். வரலாற்றில் அவனைப் பற்றிக் கிடைப்பது மிகச் சிறிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் எனக் குறிக்கிறது. அவனது குலமும் நாடும் கருத்து வேறுபாட்டுக்குரியன. அச்சிறு குறிப்பே 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த ஐந்து பாகக் கதைக்கு ஒரு தலைவனைத் தந்தது. மூலத்தின் மௌனத்தில் கதை வளர்ப்பது இரசிகப் புனைவின் அடிப்படைச் செயல் என்றால், கல்கியே அதனை முதலில் செய்தார் எனலாம். ஆனால் அவர் மௌனத்தை நிரப்பியது கல்வெட்டுகளுக்கிடையே. பின்வந்தோர் நிரப்பியது கல்கியின் பக்கங்களுக்கிடையே. இவ்வேறுபாடு சிறிதன்று.

விடப்பட்ட இடைவெளிகள்

ஆதித்த கரிகாலன் கொலை இதற்குச் சிறந்த சான்று. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைக் குற்றவாளிகளாகச் சுட்டி, அவர்தம் உறவினரின் உடைமை பறிக்கப்பட்டதைக் கூறுகிறது. புதினமோ கொலைக் களத்தில் நந்தினியையும் வேறு சிலரையும் நிறுத்தி, குத்தியவர் யார் என்பதை ஐயத்திலேயே விட்டுவிடுகிறது. அனிமே இரசிகர்கள் இத்தகைய ஐயத்தைச் சுற்றியே கிளைக்கதைகளைப் பின்னுவர். தமிழ் வாசகரும் அதனையே செய்தனர்: தொடர் முடிந்ததும் மாந்தர்களின் பிற்காலம் குறித்து அவர்கள் எழுப்பிய வினாக்களுக்குக் கல்கி முடிவுரையில் விடையளிக்க வேண்டியதாயிற்று. மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தபோது அதே வினா மீண்டும் எழுந்தது.

விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' ஆகியன கல்கி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வன. பாலகுமாரனின் 'உடையார்' அவ்வரிசையிலேயே வைத்துப் பேசப்படுவதுண்டு, அது பொருத்தமன்று. இராசராசனும் பஞ்சவன்மாதேவியும் பெரிய கோயிலும் வரலாற்றின் பொதுச்சொத்து. பூங்குழலியும் நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை. ஒரு நூல் இவ்விரண்டாம் வகை மாந்தரை எவ்வளவு சார்ந்து நிற்கிறது என்பதே அதனை இரசிகப் புனைவென வகைப்படுத்தத் தக்க அளவுகோல். பாத்திரப் பட்டியலை ஒப்பிடாமல், காலப்பின்னணி ஒன்றையே கொண்டு 'தொடர்ச்சி' எனப் பெயரிடுவது வகைமையைக் குழப்பும்.

உரிமைச் சிக்கல்

இவ்வளவுகோல் சட்டத்திலும் பயன்படும். வரலாற்று மாந்தருக்குப் பதிப்புரிமை இல்லை. கற்பனை மாந்தரைச் சார்ந்த தழுவல் அவ்வாறன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 14 தழுவும் உரிமையை உரிமையாளர்க்கே அளிக்கிறது. தம் படைப்பு தமக்கு இழுக்கு நேரும் வகையில் சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையைப் பிரிவு 57 ஆசிரியருக்குத் தருகிறது. ஜப்பானில் தோஜின்ஷி பெரிதும் உரிமையாளரின் பொறுமையால் வாழ்கிறது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் உரிமை மீறல்கள் சிலவற்றில் உரிமையாளர் புகாரின்றியே வழக்குத் தொடர வழிசெய்தபோதும், இத்தகைய வழிப்படைப்புகள் அதன் வரம்பில் வரவில்லை.

கல்கியின் நூல்கள் இன்று நாட்டுடைமையானவை. ஆகவே பூங்குழலியின் பிற்கால வாழ்வைப் புனையும் ஆம்பூர் மாணவி அதனைத் தடையின்றி நூலாக்கலாம். நருட்டோவைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுவரும் அவள் தோழிக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. அவளது எழுத்து, இணையத்தில் புனைபெயரில் வெளிவந்து, கணக்கு நீக்கப்படும் நாளில் சுவடின்றி மறையும். நூலடைவுகளில் இடம்பெறாத இவ்வெழுத்தை ஆராய்வோர், பக்கத்தின் படியையும் பார்த்த நாளையும் எழுதியவரின் ஒப்புதலையும் முதலிலேயே பெற்று வைத்தல் வேண்டும்.