இரண்டரை வினாடி உயரம்

1999 டிசம்பர். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், கோர்கோவாடோ மலை உச்சியில் கைகளை அகல விரித்து நிற்கிறதே மீட்பர் கிறிஸ்து சிலை, அதன் வலது கைமீது ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். குறுக்குவில்லில் அம்பு தொடுத்து, சிலையின் கைக்கு மேலாகக் கம்பிவடத்தைப் போட்டு, அதைப் பிடித்து ஏறிவந்தவர். முதுகில் ஒரே ஒரு பாராசூட். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

அவர் பெயர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர். ஆஸ்திரியாக்காரர். 2012-ல் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்தில் ஹீலியம் பலூனிலிருந்து குதித்து, ஒலியின் வேகத்தையே முந்தினாரே, அவரேதான். அன்று சிலையின் கையிலிருந்து அவர் குதித்த உயரம் வெறும் 29 மீட்டர். உலகின் மிகத் தாழ்வான பேஸ் ஜம்ப் என்று அது சாதனையாகப் பேசப்பட்டது.

அதே 1999 ஏப்ரலில்தான் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரத்திலிருந்து குதித்து, கட்டடத்தின் மிக அதிக உயரத்திலிருந்து குதித்தவர் என்ற பெயரையும் வாங்கியிருந்தார். அது 451 மீட்டர். ஒரே ஆள், ஒரே ஆண்டில் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டார். இரண்டில் எது பயங்கரம் என்று கேட்டால், நாம் யோசிக்காமல் கோலாலம்பூரைக் காட்டுவோம். இந்த விளையாட்டில் ஊறியவர்களுக்குச் சிலைதான் வயிற்றைக் கலக்கும்.

தரை பக்கத்தில் இருந்தால்தான் பயம்

தரையில் ஊன்றி நிற்கும் ஒன்றிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் பேஸ் ஜம்ப்பிங். கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைமுகடு ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் இது. கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து 1978-ல் சிலர் குதித்ததைப் படம்பிடித்த கார்ல் போனிஷும் அவருடைய கூட்டாளிகளும்தான் பெயர் சூட்டி இதைத் தனி விளையாட்டாக வளர்த்தார்கள். நான்கு வகையிலும் குதித்து முடித்தவர்களுக்கு வரிசை எண் தருவார்கள். போனிஷின் எண் 4. 1984-ல் நார்வேயின் ட்ரோல்வெகன் பாறைச்சுவரில் குதித்தபோது அவர் இறந்தார்.

விமானத்திலிருந்து 4,000 மீட்டரில் குதிப்பவருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கையில் இருக்கிறது. முதல் பாராசூட் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி வீசிவிட்டு, மாற்றுப் பாராசூட்டை இழுக்கலாம். பேஸ் ஜம்ப்பில் பொதுவாக மாற்றுப் பாராசூட் கிடையாது. இருந்தாலும் அதை விரிக்க நேரம் ஏது?

சின்னக் கணக்குதான். கீழே விழும் மனிதன் முதல் வினாடியில் ஐந்து மீட்டர்கூட இறங்குவதில்லை. இரண்டாவது வினாடி முடியும்போது 20 மீட்டரை நெருங்கிவிடுகிறான். 29 மீட்டரைக் கடக்க இரண்டரை வினாடிகூட ஆகாது. பாராசூட் விரியாவிட்டால் மணிக்கு 86 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவான். ஓங்கி வளர்ந்த பனையிலிருந்து வெட்டிவிட்ட நுங்குக் குலை தரைக்கு வரும் நேரம், அவ்வளவுதான்.

ஆக, பேஸ் ஜம்பருக்கு உயரம் என்பது சேமிப்புப் பணம் மாதிரி. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தவறுகளைத் தாங்கும். 29 மீட்டரில் கணக்கில் காசே இல்லை.

காற்றைத் தேடி

இன்னொரு சங்கடம் பாராசூட்டின் இயல்பிலேயே இருக்கிறது. அது விரியக் காற்று வேகமாக மோத வேண்டும். அந்த வேகம் விழுந்தால்தான் வரும். விழுவதற்கோ உயரம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான்.

விமானத்திலிருந்து குதிப்பவருக்குப் பிரச்சினை நேர் எதிரானது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பாராசூட் படாரென்று விரிந்தால் உடம்பு தாங்காது. அதனால் விரிவதைத் தாமதப்படுத்த, கயிறுகளின் நடுவே 'ஸ்லைடர்' என்ற சதுரத் துணியை வைத்திருப்பார்கள். தாழ்வாகக் குதிப்பவர்கள் முதலில் செய்வது, அதைக் கழற்றிவிடுவது. அவர்களுக்குத் தாமதம்தான் எமன்.

அடுத்து 'ஸ்டாடிக் லைன்'. பாராசூட்டின் உச்சியிலிருந்து ஒரு கயிறு, குதிக்கும் இடத்தில் கட்டப்பட்டிருக்கும். ஆள் விழ விழ, அது பையிலிருந்து துணியையும் கயிறுகளையும் முழு நீளத்துக்கு இழுத்து நிறுத்தும். கட்டிய இடத்தில் வேண்டுமென்றே மெல்லிய இழை ஒன்றை வைத்திருப்பார்கள். ஆளின் எடை முழுதாக இறங்கியதும் அது பட்டென்று அறுந்துபோகும். கயிறு கட்ட வசதியில்லாத இடத்தில், துணியை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டை நண்பர் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. உயிர் அந்தக் கைப்பிடியில்.

துணியிலும் வேலை நடந்திருக்கிறது. இன்றைய பாராசூட், அறை அறையாகத் தைத்த ஒரு மெத்தை மாதிரி. முன்வாய் வழியாகக் காற்று நுழைந்து அறைகளை நிரப்பினால்தான் அது இறக்கையாக மாறும். தாழ்வாகக் குதிப்பவர்களுக்கானவற்றில் அடிப்பக்கத்திலும் திறப்புகள் வைத்தார்கள். இரண்டு வழியாகவும் காற்று ஏறினால் சீக்கிரம் நிரம்பும் அல்லவா?

விரிந்தால் மட்டும் போதாது. எந்தத் திசையைப் பார்த்து விரிகிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் திரும்பி விரிந்துவிட்டால், எந்தச் சுவரிலிருந்து குதித்தாரோ அதே சுவரை நோக்கி ஆளைக் கொண்டுபோகும். உயரம் இருந்தால் இழுத்துத் திருப்பலாம். 29 மீட்டரில், திரும்பியிருக்கிறது என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே உண்மையான ஜம்ப் நடப்பது முந்தைய நாள், ஏதோ ஓர் அறையின் தரையில். ஒவ்வொரு மடிப்பையும் நீவி, ஒவ்வொரு கயிற்றையும் இடம் வலம் பார்த்து அடுக்குவதிலேயே வெகுநேரம் போகும். குதிப்பவரின் தைரியம் அந்த மடிப்புகளுக்குள் இருக்கிறது.

தேவாலயத்துக்குள் ஒருவர்

இன்னும் விசித்திரமான தாழ்வான குதிப்பு ஒன்று லண்டனில் நடந்தது. புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்துக்குள், 257 படிகள் ஏறினால் வட்டமான ஒரு மாடம் வரும். ஒரு பக்கச் சுவரில் வாய் வைத்துக் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கச் சுவரில் காது வைத்தவருக்குக் கேட்கும். அதனால் அதற்குக் கிசுகிசு மாடம் என்றே பெயர். 1990-ல் ரஸல் பவல் என்ற ஆங்கிலேயர், அனுமதி இல்லாமல் அங்கிருந்து பேராலயத்தின் உள்ளேயே குதித்தார். 31 மீட்டர். கூரைக்குக் கீழ் நடந்த மிகத் தாழ்வான பேஸ் ஜம்ப் என்று அது பேசப்பட்டது. நாலாபுறமும் சுவர், இறங்குவதற்குக் கல் தரை. பிரார்த்தனைக்கென்று கட்டிய இடத்தில் அவரும் அன்று பிரார்த்தித்திருக்கக்கூடும்.

எதுவரை இறங்குவது?

உயரச் சாதனைக்கு மேலே வானம் திறந்திருக்கிறது. தாழ்வுச் சாதனைக்குக் கீழே தரை இருக்கிறது. ஒவ்வொரு மீட்டராகக் குறைத்துக்கொண்டே போனால், ஓர் இடத்தில் அது பாராசூட் ஜம்ப்பா, வெறும் குதிப்பா என்ற கேள்வி வந்துவிடும். சிலர் துணியைப் பையில் வைக்காமல் கைகளில் அள்ளிப் பிடித்துக்கொண்டே குதிக்கிறார்கள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கயிறு கட்டிக் குதித்ததையும் கட்டாமல் குதித்ததையும் ஒரே தராசில் வைக்கலாமா? சாதனை என்று சொல்லும்போது மீட்டரோடு முறையையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம்.

பழைய கணக்கைப் புரட்டினால் இன்னும் குழப்பம். 1783 டிசம்பர் 26 அன்று, பிரான்ஸின் மோன்பெலியே நகரக் கோபுரத்திலிருந்து லூயி செபாஸ்தியன் லெனோர்மான் குதித்துக் காட்டினார். கோபுரம் சுமார் 26 மீட்டர். பாம்கார்ட்னரைவிடத் தாழ்வு! ஆனால் அவர் பிடித்திருந்தது மரச்சட்டத்தில் ஏற்கெனவே விரித்துவைத்த குடை போன்ற ஒன்று. விரியுமா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. 'பாராசூட்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவர்தான்.

உயரம் தாராளமாக இருக்கும் இடத்திலேயே இந்த விளையாட்டு உயிர் வாங்குகிறது. நார்வேயின் கெராக் பாறை ஏறத்தாழ 1,000 மீட்டர். 1995 முதல் 2005 வரை அங்கே பதிவான 20,850 குதிப்புகளில் 9 பேர் இறந்தார்கள். தன் ஜம்ப்கள் அத்தனையிலும் பிழைத்த பாம்கார்ட்னர், 2025 ஜூலை 17 அன்று இத்தாலியில் பாராகிளைடிங் விபத்தில் இறந்தார்.

நாற்பது வினாடி

1912 பிப்ரவரி. 2-ம் தேதி நியூயார்க்கில் ஃப்ரெடரிக் லா சுதந்திர தேவி சிலையின் தீப்பந்த மாடத்திலிருந்து பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து, 4-ம் தேதி காலை, பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர் தானே தைத்த பாராசூட் அங்கியை மாட்டிக்கொண்டு ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறினார். பொம்மையைத்தான் தள்ளிவிடுவார் என்று நம்பித்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். அவரோ தானே குதிக்கப்போவதாகச் சொன்னார். உயரம் 57 மீட்டர். ரியோவின் கிறிஸ்து சிலையில் பாம்கார்ட்னர் குதித்த உயரத்தைப் போல இரு மடங்கு.

அதைப் படம்பிடித்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் ஓரம் ஏறி நிற்கிறார். கீழே பார்க்கிறார். முன்னே சாய்கிறார், நிமிர்கிறார், மறுபடியும் சாய்கிறார். ஏறக்குறைய 40 வினாடி அப்படியே போகிறது. பிறகு குதிக்கிறார். துணி விரியவில்லை. மூன்றரை வினாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்த 40 வினாடியும் அவருக்குப் பின்னால் படிக்கட்டு இருந்தது.