புல்லட் மேட்டில் ஏன் திணறுவதில்லை?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், திருவொற்றியூரில் பிறந்த பழைய 350 சிசி புல்லட் நிதானமாக ஏறும் அழகே தனி! இருப்பதோ ஒரே சிலிண்டர். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் எட்டே வெடிப்பு. அதனால்தான் ஒவ்வொரு ‘டுப்’பும் தனியாகக் கேட்கிறது.

அடுத்த வெடிப்பு வரும்வரை வண்டியை இழுப்பது யார்? கனமான ஃப்ளைவீல். வெடிப்பின் ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சியாகச் சேமித்து, இடைவெளியில் திருப்பித் தருகிறது.

சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரமோ 90. குறுகிய விட்டத்தில் பெரிய வால்வுகளுக்கு இடமில்லை. வேகமாகச் சுழன்றால் காற்று போதாது. மெதுவான சுழற்சியில் அந்தக் குறையே இல்லை, இழுவிசை தாராளம். மண் பாதையிலும் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை.