கொடிக்கு இடம் தலைக்கு மேலே இருக்கிறது

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குப் பந்தல் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளோடு, சின்னாளப்பட்டி பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பன்னீர் திராட்சையை ஏற்றியிருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் அதே மாதிரிப் பந்தலில் புடலையும் பீர்க்கும் பாகலும் தொங்குகின்றன. அங்குள்ள மார்க்கெட்டில் இருந்து கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. சிறுமலையிலும் ஆடலூர், பன்றிமலையிலும் சௌசௌ பந்தல்கள். இவ்வளவும் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க, நகருக்குள் நாகல் நகரிலோ பேகம்பூரிலோ ஒரு வீட்டில் கேட்டால், “கொடி போட எங்கேங்க இடம் இருக்கு?” என்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பூசணிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி குழிக்குக் குழி 2 மீட்டர். அந்தக் கணக்கில் ஒரு சென்ட் நிலத்தில் பத்துக் குழிதான் எடுக்கலாம். அரை சென்ட் கொல்லையில் போர் குழாய், தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் போக மிச்சம் இருப்பதில் ஒரு பூசணிக்கொடியைத் தரையில் விட்டால், அடுத்த மாதம் கதவைத் திறக்க வழி இருக்காது.

ஆனால் நம் வீடுகளில் கொடியைத் தரையில் விட்டுப் பழக்கமே கிடையாது. குப்பைக்குழி ஓரம் விதை ஊன்றி, கொடியை மாட்டுக்கொட்டகைக் கூரை மேல் ஏற்றினார்கள். வைக்கோல்போர் மேல் பூசணி உட்கார்ந்திருக்கும். பாரி இறந்தபின் அவன் மகளிர் இருந்த சிறிய வீட்டைக் கபிலர் புறநானூற்றின் 116ஆம் பாடலில் காட்டுகிறார்; அங்கேயும் பீர்க்கு இருக்கிறது, சுரை ஏறிப் படர்ந்திருக்கிறது. வேருக்கு ஓர் இடம், கொடிக்கு வேறோர் இடம் என்று பிரித்துவிட்டால் இடப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். வேர் கேட்பது இரண்டடிக்கு இரண்டடி மண். கொடி கேட்பது வெயில். கொல்லையில் மண் இருக்கிறது, மாடியில் வெயில் இருக்கிறது. இரண்டையும் ஒரு கயிறு இணைத்துவிடும். சுவரோரம் ஊன்றிய பீர்க்கையும் பாகலையும் கயிறு கட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது, மாடியிலேயே தொட்டி வைப்பதைவிட நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீர் குறைவாகச் செலவாகும், தளத்தின் மேல் பாரமும் இல்லை.

கொல்லையே இல்லாதவர்களுக்குத் தொட்டிதான் வழி. 40 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் சுரையோ பூசணியோ வேண்டாம். வெறும் மண் நிரப்பினால் நனைந்ததும் அந்தத் தொட்டி 60 கிலோவைத் தாண்டும். ஆகவே தென்னை நார்க்கழிவும் மக்கிய தொழுவுரமும் கலந்து, தூணுக்கு மேலோ உத்திரத்துக்கு மேலோ வையுங்கள். பத்தடிக்குப் பத்தடிப் பந்தல் ஒரு குடும்பத்துக்குப் போதும். அதன் மேல் இரண்டு கொடி, மிஞ்சினால் மூன்று. நெருக்கினால் காற்றோட்டம் போய் இலையில் சாம்பல் நோய் வரும். பந்தல் ஆறரை அடி உயரமாவது இருந்தால்தான் கீழே நின்று கை நீட்டிக் காய் பறிக்க முடியும். குறுக்குக் கட்டுக்கு நைலான் வலையோ மெல்லிய கயிறோ போதும். கொடியின் பற்றுக்கம்பி மெல்லியதைத்தான் சுற்றிப் பிடிக்கும், தடித்த பைப்பில் வழுக்கும். கால்களை மட்டும் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். இந்தச் சமவெளியில் ஆடிக் காற்று விளையாட்டு இல்லை. நிறைந்த பந்தல் காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி நிற்கும்.

எந்தக் கொடி என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாமல் இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பாகலும் கோவையும் ஜன்னல் கம்பியில்கூட ஏறும். கோவை தண்டு நட்டால் வருஷக்கணக்கில் இருக்கும். பீர்க்குக்கும் புடலைக்கும் பந்தல் கட்டாயம். புடலையில் குட்டை ரகம் இருக்கும்போது ஆறடிக் காய்க்காக உயரத்தை வீணாக்க வேண்டாம். பூசணியில் கோ 1 ரகத்தின் காய் ஏழெட்டுக் கிலோ வரும். மாடிக்கு அது ஆகாது. கோ 2 காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சூர்யமுகி ஏறத்தாழ ஒரு கிலோ. நாலு பேர் வீட்டுக்கு ஒரு வேளைச் சமையல் அளவு. தொங்கும் காய் கனக்கத் தொடங்கினால் பழைய சேலைத் துணியில் தூளி கட்டி, அதன் பாரத்தைப் பந்தலில் ஏற்றிவிட வேண்டும், காம்பில் அல்ல.

சூப்பர் மார்க்கெட்டில் பார்த்து இப்போது பலர் கேட்கும் சுக்கினி கொடியே இல்லை. பூசணிக் குடும்பம்தான், ஆனால் புதராக நிற்கிற செடி. இத்தாலியின் மிலன் பக்கத்தில் உருவானது. பந்தல் வேண்டாம், மூன்றடி வட்டம் விட்டால் போதும், விதைத்து 50 நாளில் பிஞ்சு பறிக்கலாம். நம் சமவெளியில் அதைப் பங்குனி, சித்திரையில் போடுவது வீண். வெயில் ஏற ஏற இந்தக் குடும்பம் முழுவதும் ஆண் பூவையே கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பொங்கலுக்குள் பறித்து முடித்துவிடுவது உத்தமம்.

கொடியைத் தன்போக்கில் விட்டால் இலைதான் மிஞ்சும். பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாகவே ஏற்ற வேண்டும். தொட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். அதில் வெடிக்கும் கிளைகளையும் பன்னிரண்டு இலை வந்ததும் கிள்ளினால் மூன்றாம் தலைமுறைக் கிளைகள் வரும். மாடித்தோட்டக்காரர்கள் இதை ‘3ஜி கட்டிங்’ என்கிறார்கள். சுரைக்கு இது பிரமாதமாகப் பலிக்கும், ஏனென்றால் அதன் பெண் பூக்கள் பெரும்பாலும் கிளைகளில்தான் வரும்.

நகரத்துக் கொடி காய்க்காமல் போவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம் பூதான். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது உதிர்ந்தால் பதற வேண்டியதில்லை. அடியில் குட்டிக் காய் போல் தடித்திருப்பது பெண் பூ. அதில் மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வாடிவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து அள்ளிக் கொட்டுகிறார்கள். தேனீ வரவில்லை என்பதுதான் உண்மை. அப்போது நம் கைதான் தேனீ. ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தடவினால் போதும். நேரம்தான் முக்கியம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் பூத்து, பூசணி பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் விரியும். புடலை இருட்டிய பிறகு; அதற்கு அந்துப்பூச்சிகள் வரும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் நேரம் இல்லை என்றால் பூசணியை விட்டுவிட்டுப் பீர்க்கு போடலாம். வீடு திரும்பும்போது அது பூத்திருக்கும். பிஞ்சு பிடித்ததும் பழ ஈ வரும், அது முட்டையிடும் முன்பே காகித உறை மாட்டிவிட்டால் மருந்தே தேவையில்லை.

தண்ணீருக்குத் தவித்த ஊர் இது. குடிநீரைக் கொடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே இரண்டு கொடிக்குப் பெருமளவு ஈடுகொடுக்கும். வேரடியில் சருகு மூடாக்குப் போட்டால் இன்னும் குறையும். உச்சி வெயிலில் பூசணி இலை துவண்டு தொங்குவதைப் பார்த்து உடனே குடம் தூக்காதீர்கள். மண் ஈரமாக இருந்தாலும் அப்படித்தான் தொங்கும், சாயங்காலம் தானே நிமிரும். காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று பொருள். நிறைந்த பந்தலின் அடியில் தளம் சுடாது. கீழ்வீட்டு மின்விசிறிக் காற்றிலேயே வித்தியாசம் தெரியும்.

விவசாயிகள் நிரந்தரப் பந்தல் போடத் தோட்டக்கலைத் துறை மானியம் தருகிறது. மாடித்தோட்டத்துக்கு 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டத்தில் பை, நார்க்கழிவு, விதை அடங்கிய தொகுப்பு கொடுத்தார்கள், நல்ல தொடக்கம். திண்டுக்கல் மாதிரி நெருக்கமான நகரங்களுக்கு அதோடு பத்தடிப் பந்தலுக்கான கம்பமும் வலையும் மானிய விலையில் வர வேண்டும். விதை, ரகம் பற்றிய சந்தேகங்களைக் காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தில் கேட்கலாம். ஆடிப் பட்டத்துக்கு முன்பே பந்தலைக் கட்டிவிடுங்கள். முதல் வருஷம் ஒரு பீர்க்கு, ஒரு பாகல் போதும்.