பெருமூச்சு விடும் கணிப்பொறி

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மேசைக் கணிப்பொறியின் அருகே காதை வைத்துப் பாருங்கள். 'உஸ்' என்று மெல்லிய இரைச்சல் கேட்கும். உள்ளே சுழலும் மின்விசிறியின் ஓசை அது. பிராசசர் என்னும் சில்லு பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அதைக் காற்றோடு வெளியேற்றுவது விசிறியின் வேலை. வேலை மிகுந்தால் வேகமும் மிகும். இது இயல்பு. ஆனால் கணிப்பொறி சும்மா இருக்கும்போதே விசிறி சீறி எழுந்து, அடங்கி, மீண்டும் சீறினால்?

என் மாணவர் ஒருவருக்கு இந்தத் தொல்லை வந்தது. விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சர்வர் மதர்போர்டை வாங்கி, தாமே கணிப்பொறி ஒன்றைப் பூட்டியிருந்தார். பழைய சிறிய விசிறி பெரும் இரைச்சல் போட்டது. வீட்டில் இருப்பதோ ஒரே அறை. எல்லோரும் அங்கேதான் உறங்க வேண்டும். ஆகவே மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியைப் பொருத்தினார். நல்ல யோசனைதான். விசிறியின் வேகம் பாதியானால் அது எடுக்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிறது. ஓசையும் ஏறக்குறைய 15 டெசிபல் குறைகிறது. ஆனால் அன்று முதல் 20 வினாடிக்கு ஒரு முறை சீறல்! விசிறி பழுது என்றார் கடைக்காரர். புது விசிறியும் அப்படியே சீறியது. அடுத்து மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். அதற்குக் கையில் பணமில்லை.

என்னிடம் வந்தபோது நானும் அவசரப்பட்டேன். சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையில் பூசும் பசை உலர்ந்திருக்கும் என்றேன். துடைத்துப் புதிதாகப் பூசினோம். பயனில்லை! பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தோம். வெப்பநிலையையும் விசிறியின் வேகத்தையும் இரண்டு வினாடிக்கு ஒரு முறை குறித்து, ஒரே வரைபடத் தாளில் இரு கோடுகளாக வரைந்தோம்.

எந்தக் கோடு முதலில் எழுகிறது? இதுதான் கேள்வி.

வெப்பநிலை முதலில் எழுந்து, வேகம் அதைத் தொடர்ந்தால் காரணம் வெப்பம். சில்லு மிகச் சிறியது. ஒரு நிரலைத் திறந்தால் ஒரு வினாடிக்குள் அதன் வெப்பநிலை பத்து டிகிரிகூடத் தாவும். கனத்த உலோகத் தகடு சூடேறவோ நிமிடங்கள் ஆகும். சில்லின் ஒவ்வொரு தாவலையும் விசிறி துரத்தினால் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மாடித் தொட்டியின் தானியங்கி மோட்டாரை எண்ணிப் பாருங்கள். நீர் ஓரளவு இறங்கிய பிறகு மோட்டார் ஓடத் தொடங்கும். தொட்டி நிறைந்த பின்பே நிற்கும். இரண்டுக்கும் ஒரே மட்டத்தை வைத்தால், குழாயைத் திறக்கும் போதெல்லாம் ஓடியும் நின்றும் மோட்டார் கெட்டுப்போகும் அல்லவா? விசிறிக்கும் அப்படியொரு இடைவெளியை, அல்லது சில வினாடித் தாமதத்தை, 'பயாஸ்' அமைப்பில் கொடுத்தால் போதும்.

எங்கள் தாளில் வெப்பநிலைக் கோடு 41 டிகிரியில் படுத்தே கிடந்தது. வேகக் கோடு மட்டும் மலையும் பள்ளமுமாக இருந்தது. ஆக, குற்றவாளி வெப்பம் அன்று!

இங்கே விசிறியின் நான்கு கம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பிகள் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. ஒன்று கட்டளைக் கம்பி. அதில் வினாடிக்குச் சுமார் 25,000 துடிப்புகள் வரும். ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரத்தைப் பொறுத்து வேகம் அமையும். இந்தக் கம்பி அறுந்தாலும் விசிறி நின்றுவிடாது. முழு வேகத்தில் ஓடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நான்காவது, பதில் சொல்லும் கம்பி. சுழலும் காந்தத்தை, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி இயங்கும் ஓர் உணரி கவனித்து, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது.

எங்கள் விசிறி அடங்கும்போது நிமிடத்துக்கு 420 சுற்று. அதாவது வினாடிக்கு 7 சுற்று, 14 துடிப்பு. அந்த மதர்போர்டோ வேகமான சிறு விசிறிகளுக்குப் பழகியது. 500 சுற்றுக்குக் கீழே போனால் 'விசிறி நின்றுவிட்டது' என்று முடிவு கட்டும்படி அதன் நிரலில் எழுதியிருந்தது. உடனே சில்லைக் காப்பாற்ற முழு வேகக் கட்டளை! விசிறி 1500 சுற்றுக்குப் பாய்கிறது. வினாடிக்கு 50 துடிப்பு வருகிறது. அபாயம் நீங்கியதென்று மதர்போர்டு வேகத்தைக் குறைக்கிறது. 420 வந்ததும் மறுபடியும் பழைய கதை. விசிறியும் நல்லது, மதர்போர்டும் நல்லது. ஒன்றின் நிதானத்தை மற்றது மரணமென்று எடுத்துக்கொண்டது.

விசிறியின் குறைந்தபட்ச வேகத்தை 600 சுற்று என்று மாற்றினோம். சீறல் நின்றது. செலவு ஒன்றுமில்லை, வரைபடத் தாளைத் தவிர.

நீங்களும் சோதிக்க விரும்பினால், பெட்டியைத் திறக்கும் முன் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். இறகுகளில் தூசி அடைத்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கழற்றிய அந்தப் பழைய சிறு விசிறி இப்போது எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறது. அதன் பதில் கம்பியை அலைவுகாட்டியில் இணைத்து, மாணவர்கள் துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.