குஞ்சு ஆமையின் தொலைந்த ஆண்டுகள்

பிரிஞ்சாங் குளிரில் கடலாமைப் பேச்சா என்று கேட்காதீர்கள். ஆமைகள் முட்டையிடும் செராத்திங் கடற்கரையும் நம் பகாங்கில்தான் இருக்கிறது.

மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏறத்தாழ ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போகிறது. பிறகு சில ஆண்டுகள் கண்ணில் படுவதே அரிது. அவற்றைத்தான் 'தொலைந்த ஆண்டுகள்' என்கிறார்கள். நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் அது மிதந்து போகும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் இளம் ஆமைகளோடு மிதவைகளையும் விட்டு, செயற்கைக்கோள் மூலம் கவனித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. ஆமைகள் மிதவைகளை விட்டு விலகித் தாமாகவே நீந்தியிருந்தன. பொடிசுக்கு எவ்வளவு பிடிவாதம் பாருங்கள்!

ஆனால் அவை ஒதுங்கும் கடற்பாசித் திட்டுகளில்தான் நெகிழிக் குப்பையும் வந்து சேர்கிறது. இரையென்று விழுங்கிச் சில குடல் அடைத்துச் சாகின்றன. மழை நாளில் நம் காய்கறித் தோட்டத்து நெகிழி விரிப்பு ஓடையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடை ஆற்றுக்குப் போகிறது, ஆறு கடலுக்கு.