ரிமோட் மறுபடி அத்தை கைக்கு வந்தது

யாங்கூனில் இருக்கும் என் அத்தைக்கு 79 வயது. 1960களில் தனியார் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, அப்பா குடும்பம் கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டது. மூத்தவளான அத்தைக்கு அப்போதே கல்யாணமாகியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். இன்றும் அனவ்ரதா சாலைக் காளி கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில், மூன்றாவது மாடியில் வீடு. ஊரை அவர் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வார்.

அவருக்குத் தமிழ் உலகம் என்றால் டிவிதான். நாலைந்து வருஷமாகக் கிளாக்கோமா. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது. "பெரிய டிவியா இருந்தா தெரியும்ல?" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கேட்க, சிங்கப்பூர், சென்னை, லண்டன் என்று எல்லோரும் பணம் போட்டு ஒரு 55 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி வாங்கிக்கொடுத்தோம். எல்லோருக்கும் திருப்தி.

போன டிசம்பரில் மகளோடு நேரில் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அத்தை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ரிமோட் மருமகள் கையில். சமையல் வேலைக்கு நடுவே அவர் எந்தச் சேனலை வைத்துவிட்டுப் போகிறாரோ, அதுதான் அத்தை பார்க்கும் சேனல். விளம்பரம் வந்தாலும் அதுவே, பிடிக்காத சீரியல் வந்தாலும் அதுவே.

"ஏன் அத்தை, மாத்தச் சொல்லலாம்ல?"

"எத்தனை தடவ தம்பி கூப்பிடுறது? அவளுக்கும் வேலை இருக்குல்ல."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினோரு வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிறேன். ஒரு சேனல் மாற்றுவதற்கு அத்தை இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பெரிய டிவி ஏன் உதவவில்லை

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் செய்த தப்பைப் பல வீடுகளில் செய்கிறார்கள். கிளாக்கோமா பொதுவாக ஓரப் பார்வையை முதலில் தின்னும். நடுப் பார்வை கடைசிவரை கொஞ்சம் மிஞ்சும். முற்றிய நிலையில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும். அந்தக் குழாய்க்குள் பெரிய எழுத்து முழுசாக அடங்காது. திரை பெரிதாகப் பெரிதாக, எது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் அதிகமாகும். வயதானவர்களுக்கு வரும் மாக்குலா சிதைவு இதற்கு நேரெதிர். அதில் நடுப்பகுதி மங்கும், ஓரம் மிஞ்சும். அவர்களுக்குப் பெரிய எழுத்து உதவும். என்ன வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தப் பகுதியில் பார்வை மிஞ்சியிருக்கிறது என்று கண் டாக்டரிடம் கேளுங்கள்.

அத்தைக்குத் தேவைப்பட்டது பேசும் டிவி. நாங்கள் வாங்கிக்கொடுத்ததே பேசும் டிவிதான்! யாரும் அதைப் பேச வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இது புதுசு இல்லை

2010லேயே பிரிட்டனில் பார்வையற்றோருக்கான ஆர்.என்.ஐ.பி. அமைப்பின் ஒத்துழைப்போடு 'குட்மன்ஸ் ஸ்மார்ட் டாக்' என்ற பேசும் செட்டாப் பாக்ஸ் வந்தது. சேனல் பெயர், நிகழ்ச்சிப் பட்டியல், மெனு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும். அதே வருஷம் அமெரிக்காவில் வந்த சட்டத்தின்படி, 2016 டிசம்பர் முதல் அங்கே கேபிள் நிறுவனங்கள் பேசும் மெனுவைத் தர வேண்டியிருக்கிறது.

அந்த வசதி இப்போது ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் டிவியிலும் இருக்கிறது. பெயர்தான் வேறு வேறு. ஆண்ட்ராய்டு டிவியில் டாக்பேக், சாம்சங்கில் வாய்ஸ் கைடு, எல்ஜியில் ஆடியோ கைடன்ஸ், ஆப்பிள் டிவியில் வாய்ஸ்ஓவர், ஃபயர் டிவியில் வாய்ஸ்வியூ. எல்லாமே செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' என்ற இடத்துக்குள் இருக்கும். ஃபயர் டிவியில் பேக் பட்டனையும் மெனு பட்டனையும் சேர்த்து இரண்டு செகண்ட் அழுத்தினால் போதும், பேச ஆரம்பித்துவிடும்.

"அமைப்புன்னா சங்கமா?"

மறுநாள் காலையில் டாக்பேக்கைப் போட்டேன். அம்புக்குறி பட்டனை அழுத்த அழுத்த, எந்தப் பெட்டியில் நிற்கிறோமோ அதன் பெயரை ஒரு பெண் குரல் சொன்னது. இங்கிலீஷில்.

"யார்றா இவ? மெதுவாப் பேசச் சொல்லு."

வேகத்தைக் குறைத்தேன். டிவியின் மொழியையும், பேசும் குரலையும் தமிழுக்கு மாற்றினேன். இப்போது அது "அமைப்புகள்" என்றது.

"அமைப்புன்னா? சங்கமா?"

நானும் மகளும் சிரித்துவிட்டோம். 'செட்டிங்ஸ்' என்றிருந்தால் அத்தைக்குப் புரிந்திருக்கும். யாங்கூன் தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு, நம் கம்ப்யூட்டர் தமிழ் இன்னொரு பாஷைதான். என் ஒன்பது வயது மகள் ஒரு பேப்பரில் பத்து வார்த்தை எழுதிக்கொண்டு, அத்தைப் பாட்டிக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னாள். சிங்கப்பூரில் 'தமிழ் ஹோம்வொர்க்' என்றாலே ஓடுகிற பிள்ளை!

அடுத்த சிக்கல் செட்டாப் பாக்ஸ். டிவியின் சொந்த மெனு அழகாகப் பேசியது. தமிழ்ச் சேனல் வரும் பாக்ஸுக்கு மாறியதும் ஊமையாகிவிட்டது. காரணம் எளிது. பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டிவிக்கு வருவது படமும் சத்தமும் மட்டுமே. சேனல் பெயர் டிவிக்கு வந்து சேரும்போது எழுத்தாக இருக்காது, படமாகிவிட்டிருக்கும். படத்தை டாக்பேக்கால் வாசிக்க முடியாது. பாக்ஸ் தானே பேசினால்தான் உண்டு. அத்தை வீட்டு பாக்ஸில் அந்த வசதி இல்லை.

அதற்குப் பழைய வழிதான். ரிமோட்டில் 5ஆம் எண் மேல் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். பிடித்த ஆறு சேனல்களின் எண்களை அத்தை மனப்பாடம் செய்தார். டிவி ரிமோட்டில் ஹோம், பேக் பட்டன்களுக்கு மருமகள் ஒரு யோசனை சொன்னார். நெற்றிக்கு வைக்கும் கல் பொட்டை எடுத்து ஹோம் மேல் ஒன்று, பேக் மேல் இரண்டு ஒட்டினார். நான் நெட்டில் தேடிக்கொண்டிருந்த ரப்பர் பொட்டை விட இது நல்லது.

இன்னொரு விஷயமும் நடந்தது. யாங்கூனில் கரண்ட் அடிக்கடி போகும். வந்ததும் டிவி முதல் பக்கத்தில் போய் நிற்கும். முன்பெல்லாம் அத்தைக்கு அது எங்கே நிற்கிறது என்றே தெரியாது, யாராவது வரும்வரை காத்திருப்பார். இப்போது ஒரு பட்டனைத் தொட்டால் அது சொல்லிவிடுகிறது.

எழுத்து சரியாக இருந்தால்தான் குரல்

பேசும் கருவிக்குக் கண் கிடையாது. உள்ளே இருக்கும் எழுத்துக் குறியீட்டைத்தான் வாசிக்கும். மியான்மரில் நெடுநாள் 'ஸாஜி' என்ற எழுத்துருதான் எங்கும் இருந்தது. பார்க்கச் சரியான பர்மிய எழுத்து, உள்ளே யூனிகோடுக்குப் பொருந்தாத குறியீடு. வாசிக்கும் மென்பொருளுக்கு அது குழப்பம். 2019 அக்டோபர் 1 அன்று அந்நாடு யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது.

நமக்கும் இதே கதை உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கண்ணுக்கு அம்மா தெரியும். பேசும் கருவியோ "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று படிக்கும். தமிழ்நாடு அரசு 2010ல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் பொங்கல் வாழ்த்துப் படமும் இதே கணக்குதான். படத்துக்குள் இருக்கும் வாழ்த்தைவிட, கீழே டைப் செய்த ஒரு வரி அத்தைக்கு நன்றாகக் கேட்கும்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. டிவியில் ஒரு ஆப்பைத் திறந்தபோது அது "பட்டன், பட்டன், பட்டன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. படமாக வைத்த பட்டனுக்கு 'இது தேடல்', 'இது நிறுத்தம்' என்று ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு பட்டனுக்கு அரை நிமிஷ வேலை. அவசரத்தில் நானும் எத்தனையோ முறை அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் முதல் வாரம் அதைத்தான் சரிசெய்தேன்.

படத்தில் நடப்பதை யார் சொல்வது

மெனு பேசுவது வேறு, காட்சியை விளக்குவது வேறு. இரண்டாவதற்கு ஒலி விவரிப்பு என்று பெயர். வசனம் இல்லாத இடத்தில் "அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்" என்று ஒரு குரல் சொல்லும். இந்தியாவில் தியேட்டர் படங்களுக்கு இதைக் கொண்டுவரும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அத்தை பார்க்கும் சீரியல்களில் அது இல்லை. ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது வெறும் மியூசிக்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலை என் மகளுக்கு. ஒரே எபிசோடை இங்கேயும் அங்கேயும் போட்டுவிட்டு, போனில் சொல்லிக்கொண்டிருப்பாள்: "பாட்டி, அந்த ஆன்ட்டி கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கேக்குறாங்க. பச்சைப் புடவை." வார்த்தை கிடைக்காதபோது அத்தை எடுத்துக்கொடுப்பார். 'முறைக்கிறாங்க', 'ஒட்டுக்கேக்குறாங்க', 'மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க' எல்லாம் அப்படி வந்தவை. எந்த வகுப்பிலும் நான் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். டிவியைப் பேச வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், ரிமோட்டில் பொட்டு ஒட்டுங்கள். அப்புறம் ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். தப்பாக அழுத்தினாலும் பிடுங்காதீர்கள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் அத்தை போன் செய்தார். என்னிடம் பேசவில்லை, மகளைக் கூப்பிடச் சொன்னார்.

"கண்ணு, டிவில பேசுறாளே அந்தப் பொண்ணு, ரொம்ப இழுத்து இழுத்துப் பேசுறா. வேகமாப் பேச வைக்க எங்க அழுத்தணும்?"

"அமைப்புகளுக்குப் போங்க பாட்டி" என்றாள் மகள்.